பரணிலிருந்து இறங்கிய பாட்டுப்பெட்டி எந்தக் காலத்தது? கண்டுபிடிக்கும் வழி

யார் வீட்டிலாவது பழைய கிராமபோன் கிடைத்தால் போனில் எனக்கு வந்து சேரும் முதல் படம் பெரும்பாலும் அந்த நாய்தான். பெட்டியின் நடுவில் நாய் உட்கார்ந்து குழாயைக் கேட்டுக்கொண்டிருக்கும், கீழே "இது எத்தனை வருஷப் பழசு, என்ன விலை போகும்?" என்று ஒரு கேள்வி. நாயை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று திருப்பி எழுதி எழுதி அலுத்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நாயின் பெயர் நிப்பர். ஓவியர் பிரான்சிஸ் பராட் முதலில் வரைந்தபோது அது கேட்டுக்கொண்டிருந்தது கிராமபோனையே அல்ல, உருளை ஓடும் போனோகிராபை. 1899இல் லண்டன் கிராமபோன் கம்பெனி அந்தப் படத்தை வாங்கியபோது, உருளைப் பெட்டியை அழித்து அதன் மேல் தங்கள் தட்டுப் பெட்டியை வரைந்து தரச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அந்த நாய் ஏறாத இடமில்லை: தட்டில், ஊசி டப்பாவில், கடைப் பலகையில், அப்புறம் நேற்று வார்த்த பித்தளைத் தகட்டிலும்கூட. ஆகவே நாயைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு பெட்டியைப் பார்ப்போம்.

பார்ப்பதற்கு முன் செய்யக் கூடாதவை இரண்டு. இரண்டையும் நான் செய்திருக்கிறேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். பெரியப்பா வீட்டுப் பரணிலிருந்து பெட்டியை இறக்கிய அன்றே, ஆசை தாங்காமல் கைப்பிடியைச் செருகி முழுவதும் சாவி கொடுத்தேன். நாற்பது வருடம் தூங்கிய ஸ்பிரிங், உள்ளே கிரீஸ் பிசின் மாதிரி இறுகியிருந்தது, "டங்" என்று ஒரு சத்தம், கைப்பிடி என் கையை விட்டுத் தெறித்தது. ஸ்பிரிங் போச்சு. அது போதாதென்று மறுநாள் மரத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தேன். பளபளப்பு வரும் என்று நினைத்தேன், பாலீஷ் துணியோடு வந்துவிட்டது. பழைய மரச்சாமான் பாலீஷ் பெரும்பாலும் அரக்கு, அரக்கு ஸ்பிரிட்டில் கரையும், இது அப்போது எனக்குத் தெரியாது. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகளும் அரக்குக் கலவைதான், அவற்றையும் ஸ்பிரிட் தொடக் கூடாது. இப்போதைக்கு உலர்ந்த பிரஷ், மெல்லிய துணி, நல்ல டார்ச் விளக்கு, படம் எடுக்க போன், இவை மட்டும் போதும். எதையும் கழற்றும் முன் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, முதல் கேள்வி: பாட்டு எதில் பதிந்திருக்கிறது? தட்டா, உருளையா? சுழலும் வட்டத்தட்டுக்குப் பதிலாக, படுக்கவைத்த உலோகத் தண்டு ஒன்று இருந்து, அதில் ஒரு டம்ளரைச் செருகுகிற மாதிரி உருளையைச் செருக வேண்டியிருந்தால், உங்களிடம் இருப்பது அசல் போனோகிராப். 1877இல் எடிசன் ஈயத்தாளில் தொடங்கிய வழி இது. கொலம்பியா கம்பெனி தன் உருளைப் பெட்டிகளை கிராபோபோன் என்று அழைத்தது. நம் பக்கத்து வீடுகளில் நான் ஒன்றே ஒன்றுதான் பார்த்திருக்கிறேன், ஆனால் வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் ஏலத்தில் எடுத்து ஊருக்குக் கொண்டுவருவதும் உண்டு. எடிசன் பெட்டி என்றால் தகட்டில் மாடல் பெயரைத் தேடுங்கள்: ஜெம், ஸ்டாண்டர்டு, ஹோம், டிரையம்ப். ஜெம் சின்னது, டிரையம்ப் கனமானது. பிறகு ஊசி பிடித்திருக்கும் வட்டப் பாகத்தில் ஓர் எழுத்து வெட்டியிருக்கும். சி என்றால் இரண்டு நிமிட உருளைக்கு, எச் என்றால் நாலு நிமிட உருளைக்கு, கே என்றால் திருப்பிவிட்டு இரண்டும் கேட்கலாம். நாலு நிமிட உருளை வந்தது 1908இல், நீல நிற செல்லுலாய்டு உருளை 1912இல். பழுப்பு அல்லது கறுப்பு மெழுகு உருளை கிடைத்தால் வெளிப்பக்கத்தை விரலால் தொடாதீர்கள், உள்ளே இரண்டு விரலை விட்டு விரித்துப் பிடித்துத் தூக்குங்கள். வெள்ளையாகப் பூத்திருப்பது பூஞ்சை. அது மெழுகைத் தின்றுவிட்டது, துடைத்தாலும் பாட்டு திரும்பாது.

தட்டு ஓடும் பெட்டி என்றால் அது கிராமபோன், எமில் பெர்லினர் 1887இல் காப்புரிமை வாங்கிய முறை. அமெரிக்கர்கள் இதையும் போனோகிராப் என்றே சொல்வார்கள், அதனால் இணையத்தில் தேடும்போது இரண்டு பெயரிலும் தேடுங்கள். இங்கே இன்னொரு சின்ன சோதனை இருக்கிறது, பலர் விட்டுவிடுவார்கள். ஊசி செருகும் அந்த வட்ட டப்பா, சவுண்ட் பாக்ஸ், அதன் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது? தட்டின் மேல் செங்குத்தாக நின்று பக்கவாட்டில் பார்த்தால் ஊசி பக்கவாட்டில் அதிரும் சாதாரண வகை. முகம் குப்புறக் கவிழ்ந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஊசி மேலும் கீழும் அதிரும் வகை, அதாவது எடிசனின் டைமண்ட் டிஸ்க் அல்லது பாத்தே கம்பெனிப் பெட்டி. எடிசன் தட்டு கால் அங்குலத் தடிமன், கையில் எடுத்தாலே தெரியும். அதன் மேல் இரும்பு ஊசி வைத்தால் தட்டு பாழ்.

அடுத்து உடம்பு. குழாய் வெளியே விரிந்து நிற்கும் பெட்டி, குழாயை உள்ளே ஒளித்துவைத்த மேசைப் பெட்டி அல்லது அலமாரி, அப்புறம் மூடி வைத்தால் சூட்கேஸ் மாதிரி இருக்கும் கைப்பெட்டி. அலமாரி வகையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அமெரிக்க விக்டர் கம்பெனி 1906இல் குழாயை அலமாரிக்குள் மடக்கி விக்ட்ரோலா என்று பெயர் வைத்தது, அந்தப் பெயர் அங்கே எல்லா பெட்டிக்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது. தகட்டில் வி.வி. என்று தொடங்கி ரோமன் எண் இருந்தால் அது விக்டர் தயாரித்த உள்குழாய் மாடல். மாடல் எண்ணும் வரிசை எண்ணும் அதே தகட்டில் இருக்கும், வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

நம் வீடுகளில் நிஜமாகக் கிடைப்பது கைப்பெட்டிதான். கறுப்புத் துணி ஒட்டிய பெட்டி, மூலைகளில் நிக்கல் பூண், பக்கத்தில் சாவித் துளை, மூடிக்குள் தட்டுகள் வைக்க இடம். குழாய் இல்லையே என்று முகம் சுளிப்பவர்கள் அதிகம், "இது சும்மா பிக்னிக் பெட்டிதானே" என்று எடைக்குப் போட்டவரையும் தெரியும். உண்மையில் இவைதான் பெரும்பாலும் அசல். எச்.எம்.வி., அதாவது அந்த நாய்ப்படக் கம்பெனியின் பெட்டி என்றால் இரண்டு மாடல்களை நினைவில் வைத்தால் முக்கால் வேலை முடிந்தது. 101 என்பது 1925இல் வந்தது. 102 என்பது 1931இல் வந்து 1950களின் கடைசி வரை ஓடியது, இத்தனை வருடம் ஒரே பெட்டியை விற்றதால்தான் உலகம் முழுக்க அது கிடைக்கிறது. மாடல் எண்ணை மோட்டார் பலகையிலும் மூடிக்குள்ளும் இருக்கும் சின்னத் தகட்டிலோ ஒட்டுப்படத்திலோ தேடுங்கள். அது உரிந்துபோயிருந்தால் சவுண்ட் பாக்ஸைப் பாருங்கள். 101இல் 4ஆம் எண் சவுண்ட் பாக்ஸ் வரும், உள்ளே அதிரும் சவ்வு அப்ரகத்தகடு (மைக்கா), கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும். 102இல் 16, 5ஏ, 5பி என்று எண் வரும், சவ்வு அலுமினியம். ஆனால் சவுண்ட் பாக்ஸ் ஒரு திருப்பில் கழன்று வரும் பாகம், பழுதானால் கடைக்காரர் கையில் இருந்ததை மாட்டிவிடுவார். அதனால் அதை மட்டும் நம்பித் தேதி சொல்லிவிட வேண்டாம்.

கொலம்பியா பெட்டிகளும் நிறைய. அவற்றின் அடையாளம் இரண்டு இசைக்குறிகள் ஜோடியாக இருக்கும் முத்திரை. டெக்கா என்ற பெயர் இருந்தால் அதுவும் நல்ல பெட்டிதான், 1914இல் வந்த அதன் முதல் கைப்பெட்டியை முதல் உலகப்போரில் சிப்பாய்கள் பதுங்குகுழிக்குள் வைத்துப் பாட்டு கேட்டார்கள். வெளியே கடைக்காரர் பெயர் மட்டும் இருந்து கம்பெனி பெயரே இல்லாத பெட்டிகளும் வரும். அவற்றில் மோட்டார் மேல் பாருங்கள், இங்கிலாந்தின் காரார்டு அல்லது சுவிட்சர்லாந்தின் தோரன்ஸ், பையார் என்று இருக்கலாம். மோட்டார், சவுண்ட் பாக்ஸ் எல்லாம் வெளியே வாங்கி, பெட்டி மட்டும் தாங்களே செய்து விற்ற கம்பெனிகள் ஏராளம். அதனால் மோட்டார் தோரன்ஸ் என்பதற்காகப் பெட்டியும் தோரன்ஸ் ஆகிவிடாது.

இப்போது குழாய்ப் பெட்டிக்கு வருவோம், இதில்தான் வருத்தம் அதிகம். பளபளவென்று பித்தளைக் குழாய், எட்டுப் பட்டைப் பெட்டி, முன்னால் கையகலப் பித்தளைத் தகட்டில் நாய். ஹோட்டல் வரவேற்பறையிலும் சினிமா செட்டிலும் இதே பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். இவற்றில் பெரும்பாலானவை நம் நாட்டிலேயே அண்மைக் காலத்தில் அலங்காரத்துக்காகச் செய்தவை. மும்பை சோர் பஜார் போன்ற இடங்களில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள், வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இதற்கு ஒரு கெட்ட பெயரே வைத்திருக்கிறார்கள். செய்முறை எளிது: உடைந்த கைப்பெட்டியிலிருந்து மோட்டாரும் கையும் சவுண்ட் பாக்ஸும் எடுத்து, புது மரப்பெட்டியில் பூட்டி, மேலே ஒரு குழாய். இதில் ஒரு கசப்பு, இப்படி ஒரு பொம்மை செய்ய ஓர் அசல் கைப்பெட்டி செத்திருக்கும்.

கண்டுபிடிக்க வெளியில் பார்க்காதீர்கள், மூட்டுகளைப் பாருங்கள். அசலில் குழாயைத் தாங்கும் பின்பக்கத் தாங்கி கனமான வார்ப்பு, திருகுகள் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும், குழாய் ஆடாது. போலியில் வளைத்த தடித்த பைப் ஒன்று இருக்கும், பற்றவைத்த இடம் கரடுமுரடாகத் தெரியும், குழாயைப் பிடித்தால் லொடலொடவென்று ஆடும், சில சமயம் துணி சுற்றி இறுக்கியிருப்பார்கள். அசல் குழாய்களில் பல, பூப்போல விரிந்து வண்ணம் பூசிய இரும்புத்தகடு. பித்தளை அசலிலும் உண்டு, ஆனால் தகடு கெட்டியாக இருக்கும், விரலால் அமுக்கினால் குழியாது. அடுத்து ஸ்குரூ. ஸ்டார் ஸ்குரூ 1930களில் பிறந்தது. 1905 பெட்டி என்று சொல்லிக்கொண்டு ஸ்டார் ஸ்குரூ மாட்டியிருந்தால் ஒன்று அது ரிப்பேர், இல்லையென்றால் முழுப்பொய். பெட்டியைக் கவிழ்த்து அடிப்பலகையைப் பாருங்கள், போலியில் பிளைவுட் மேல் கறுப்புச் சாயம் பூசியிருக்கும். மோட்டாரைப் பூட்டிய பலகையில் தேவையில்லாத ஓட்டைகள் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாகக் காலக்கணக்கு உதைக்கும்: குழாய் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து ஜாடை, சவுண்ட் பாக்ஸிலோ 5பி என்று எழுதியிருக்கும், அது முப்பதுகளின் சாமான்.

போகிற போக்கில் ஒன்று. குழாய் மட்டும் தனியாக, அலுமினியத்தில், பின்னால் கனமான உருண்டையோடு கிடைத்தால் அது கிராமபோன் குழாய் இல்லை, கல்யாண வீட்டு மைக் செட் ஸ்பீக்கர். ஒரு நண்பர் அதைப் பெயின்ட் அடித்து கிராமபோன் பெட்டி மேல் நிறுத்தியே விட்டார்.

தகடுகளையும் எழுத்துகளையும் படிக்கும்போது ஒரு விதி. காப்புரிமைத் தேதிகள் வரிசையாக இருந்தால் கடைசித் தேதியை எடுங்கள். பெட்டி அதற்கு முன்னால் செய்யப்பட்டிருக்க முடியாது, அவ்வளவுதான் அதற்குப் பொருள், அந்த வருடமே செய்தது என்று பொருள் இல்லை. கம்பெனியின் பெயரும் காலம் சொல்லும். கிராமபோன் அண்ட் டைப்ரைட்டர் என்று இருந்தால் 1900 கடைசியிலிருந்து 1907க்குள், அந்தக் கம்பெனி நிஜமாகவே தட்டச்சு இயந்திரமும் விற்றது. ஈ.எம்.ஐ. என்று எங்காவது இருந்தால் 1931க்குப் பிறகு, ஏனென்றால் எச்.எம்.வி.யும் இங்கிலாந்துக் கொலம்பியாவும் அந்த ஆண்டில்தான் ஒன்றாயின. எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது கடைக்காரர் ஒட்டிய சின்னப் பெயர்ப்பட்டை. சென்னையா, கொழும்பா, பினாங்கா, ரங்கூனா என்று ஊரைச் சொல்லும், அந்தக் குடும்பம் எந்தக் கப்பலில் போய் வந்தது என்பதை மற்ற எந்தத் தகடும் சொல்லாது.

கூடவே கிடைக்கும் தட்டுகளை வைத்துப் பெட்டிக்கு வயது சொல்லும் பழக்கம் பலருக்கு. பெட்டி வாங்கிய பிறகு முப்பது வருடம் தட்டு வாங்கியிருப்பார்கள், அல்லது பழைய பெட்டி போய்ப் புதுப் பெட்டி வந்திருக்கும். ஆனாலும் பாருங்கள், சுவாரசியம் அதில்தான். ஒரு பக்கம் மட்டும் பாட்டு, மறுபக்கம் வழுவழு என்று இருந்தால் மிகப் பழசு. நாய்க்குப் பதிலாக இறகால் எழுதும் தேவதைப் படம் இருந்தாலும் அப்படியே. 1902இல் லண்டன் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் வந்து இறங்கி, நவம்பரில் பாடகி கௌஹர் ஜானைப் பதிவு செய்தார், பாட்டு முடிந்ததும் அந்த அம்மாள் ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்லுவார். தட்டு அச்சானது ஜெர்மனியின் ஹனோவரில், அங்கே இருப்பவர்களுக்கு யார் பாட்டு என்று தெரிய வேண்டுமே. ஆகவே பாட்டின் முடிவில் பாடகர் தன் பெயரை அறிவித்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் தொழிற்சாலை வந்த பிறகு தட்டுகள் இங்கேயே அச்சாயின், பிறகு டம்டம். தமிழ்த் தட்டுகளில் எச்.எம்.வி., கொலம்பியாவோடு ஒடியன் என்ற கம்பெனித் தட்டும் நிறைய வரும். ஒடியனை 1930களில் இங்கே விற்றது சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஏவி. மெய்யப்ப செட்டியார் ஸ்டுடியோ கட்டுவதற்கு முன் கூட்டாளியாக நடத்திய கடை அது. உறையைத் தூக்கி எறியாதீர்கள், சில உறைகளில் கடை முகவரியும் வாங்கியவர் கையெழுத்தும் இருக்கும்.

குடும்பக் கதையையும் கேட்டு எழுதுங்கள், ஆனால் பெட்டியோடு ஒத்துப்பார்த்த பிறகு நம்புங்கள். எங்கள் வீட்டுக் கதை, கொள்ளுத்தாத்தா ரங்கூனிலிருந்து கொண்டுவந்தார் என்பது. அவர் காலமானது 1928. பெட்டியில் இருந்த எண் 102. முதலில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை, அத்தை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு மூடியின் ஓரத்தில் தூசியைத் தட்டியபோது ரங்கூன் கடைப்பட்டை இருந்தது. ஊர் சரி, ஆள்தான் மாறிவிட்டார், வாங்கியது கொள்ளுத்தாத்தாவின் மகன். ஒரு தலைமுறை வழுக்கிவிடுவது இந்தக் கதைகளில் சாதாரணம்.

அடையாளம் தெரிந்த பிறகு, ஓட வைக்கலாமா? மோட்டார் பலகையின் ஸ்குரூக்களைக் கழற்றித் தூக்கினால் உள்ளே தெரியும். உருண்டை டப்பாவுக்குள் இருப்பது ஸ்பிரிங், அதைத் திறக்கவே வேண்டாம், சுருண்ட எஃகுப்பட்டை விரலைப் பதம் பார்த்துவிடும், தெரிந்தவர்தான் திறக்க வேண்டும். பக்கத்தில் மூன்று குண்டுகள் வைத்துச் சுற்றும் பாகம் வேகத்தைக் கட்டுப்படுத்துவது. சுழலும் இடங்களில் தையல் மிஷின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு விடுங்கள். தேங்காயெண்ணெய் கூடாது, காய்ந்து பசையாகிவிடும். பிறகு கைப்பிடியை ஏழெட்டுச் சுற்று மட்டும் சுற்றி, பிரேக்கை எடுத்து ஓடவிடுங்கள், தடதடவென்று உதறினால் உள்ளே கிரீஸ் இறுகியிருக்கிறது, நிறுத்திவிடுங்கள். நன்றாக ஓடினால் தட்டுக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள், 78 சுற்று வர வேண்டும், வராவிட்டால் பக்கத்தில் இருக்கும் சின்ன நெம்புகோலைத் தள்ளிச் சரிசெய்யலாம். சவுண்ட் பாக்ஸைத் தாங்கும் சாம்பல் நிற வார்ப்புப் பாகங்களில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள், அந்த உலோகம் வயதானால் உப்பி உதிரும், திருகினால் கையோடு வரும்.

ஊசி இரும்பு, ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி. சிக்கனம் பார்த்து அதே ஊசியை வைத்தால் தேய்ந்த முனை தட்டை உழுதுவிடும். அந்தக் காலத்தில் மூங்கில் ஊசிகூட விற்றார்கள், சத்தம் குறையும், தட்டுக்கு நல்லது. பிற்காலத்து எல்.பி. தட்டை, அதாவது மெதுவாகச் சுற்றும் பிளாஸ்டிக் தட்டை, தப்பித்தவறிகூட இதில் வைக்காதீர்கள், ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும்.

விலை? 102 அபூர்வம் இல்லை. நிறம் வேறாக, சிவப்போ நீலமோ பச்சையோ இருந்து, துணி கிழியாமல், சாவியும் சவுண்ட் பாக்ஸும் பொருந்தியிருந்தால் கேட்பவர்கள் கூடுவார்கள். அசல் குழாய்ப் பெட்டியும் எடிசன் உருளைப் பெட்டியும் வேறு கதை, அவற்றுக்குப் படங்களோடு இரண்டு மூன்று சேகரிப்பாளர்களிடம் கேட்காமல் விற்காதீர்கள். வாசலுக்கு வரும் பழைய சாமான்காரர் சொல்லும் தொகை சவுண்ட் பாக்ஸுக்கு மட்டும்கூடக் காணாது.

விற்காமல் வைத்துக்கொள்வதென்றால், பாட்டுக் கேட்டு முடித்ததும் மீதிச் சாவியை ஓடித் தீரவிட்டு ஸ்பிரிங்கைத் தளர்த்தியே மூடுங்கள். ஊசியைக் கழற்றிவிடுங்கள். மறுபடி பரணில் ஏற்றாதீர்கள், ஓட்டுக்கடியில் வரும் வெயிலுக்குத் தட்டுகள் அப்பளம் மாதிரி வளைந்துவிடும்.